திருப்தியுடன் திரும்பப் பெற்ற மனு

கொம்பையாவின் தங்கை மாரிக்கனி தீர்ப்பாயத்துக்கு வந்தது புகார் கொடுக்க அல்ல, அண்ணனின் குரலைக் கேட்டுவிட்டுப் போக. விளாத்திகுளத்துப் பக்கமிருந்து பஸ் மாறி மாறி வந்து, மதுரை ரிங் ரோட்டில் இறங்கி, வெயிலில் நடந்திருந்தாள். பதிவாளர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றாள்.

“செத்துப்போன எங்கண்ணன் பேசுனது உங்க ஆபீசுல இருக்காம்லம்மா. செயில்ல சொன்னாக. ஒரு தடவ கேட்டுட்டுப் போயிர்றேன். வேற ஒண்ணும் வேண்டாம்.”

சிறைவாசிகள் உரிமைத் தீர்ப்பாயத்தின் பதிவாளர் அமலோற்பவம் அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். வழக்கமாக இந்த மாதிரி கோரிக்கைகளை எழுத்தர்களே கவனித்து அனுப்பிவிடுவார்கள். வாசலில் கழற்றிப் போட்ட அந்தச் செருப்பைப் பார்த்த பிறகு இவளை இன்னொரு மேஜைக்கு அனுப்ப அமலோற்பவத்துக்கு மனம் வரவில்லை.

“அண்ணன் எப்படித் தவறினார்?”

“கால்ல புண்ணும்மா. சக்கர வியாதி. ரத்தத்துல சேந்துருச்சுன்னாக. பெரியாசுபத்திரிக்குக் கொண்டுபோற வழியிலேயே முடிஞ்சிருச்சு. போன மாசம்.”

கொம்பையா என்று தட்டியதும் திரையில் பதிவுகள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றிரண்டு அல்ல, திரையைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும்படி இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே முடிவு: ‘மனுதாரர் திருப்தியுடன் திரும்பப் பெற்றார்.’ அமலோற்பவத்துக்கு அந்த வரி புதிதல்ல. ஆண்டறிக்கையில் அது பெருமையாக அச்சாகும் வரி. முதல் பதிவை ஓடவிட்டாள்.

ஒரு இருமல் கேட்டது. பிறகு ஆணின் குரல், கொஞ்சம் கரகரப்பாக. “ஏம்மா, இதுக்குள்ள பேசுனா கோர்ட்டுக்குக் கேக்குமா?”

மாரிக்கனி சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கேக்கும்ணே,” என்றது ஒரு பெண்குரல். “நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். அவசரமே இல்ல. நிதானமாச் சொல்லுங்க.”

மாரிக்கனியின் கண்கள் திரையிலிருந்து மெல்லத் திரும்பி அமலோற்பவத்தின் முகத்தில் வந்து நின்றன.

“இது நீங்கதானம்மா?”

* * *

பதிவாளர் ஆவதற்கு முன்னால் அமலோற்பவம் அதே தீர்ப்பாயத்தில் மனு ஆய்வு அலுவலராக இருந்தாள். வக்கீல் வைக்க வழியில்லாத கைதிகள் தாங்களே எழுதும் மனுக்கள் தெற்கத்திச் சிறைகளிலிருந்து அவள் மேஜைக்கு வரும். சோற்றில் புழு, லத்தியால் அடித்தார்கள், மாத்திரை தரவில்லை, மகள் வந்தபோது பார்க்க விடவில்லை. என்ன நடந்தது, யார் செய்தார்கள், எப்போது, அதனால் எந்த உரிமை போயிற்று என்பதெல்லாம் மனுவில் இருந்தால்தான் அது நீதிபதிக்குப் போகும். இல்லாவிட்டால் ‘முகாந்திரம் இல்லை’ என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். விதி அப்படி. பெரும்பாலான மனுக்களில் வலி இருக்கும், விவரம் இருக்காது. ஒருவர் தாள் முழுவதும் ‘ஐயா’ என்ற ஒரே சொல்லைத்தான் எழுதியிருந்தார். அதையும் அவள் முத்திரை குத்தித்தான் அனுப்பினாள். அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

எழுதத் தெரியாதவர்கள் பேசட்டுமே என்று முதலில் சொன்னது அவள்தான். அப்போது நீதிமன்றங்களுக்கு இயந்திரங்கள் வந்துகொண்டிருந்த காலம். இர்ஃபான் என்ற பொறியாளர் ‘செவி’யை வடிவமைத்தார். ஒவ்வொரு சிறையிலும் சின்னதாக ஒரு அறை, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு திரை. கைதி உள்ளே போய்ப் பேசலாம். செவி கேட்கும், விடுபட்டதைக் கேள்வி கேட்டு வாங்கும், மனுவாக எழுதிக் கொடுக்கும். முகாந்திரம் இருந்தால் நீதிபதிக்கு அனுப்பும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று எடுத்துச் சொல்லி முடிக்கும். மனுதாரரே வேண்டாம் என்றாலும் அதோடு முடித்துக்கொள்ளும்.

எந்தக் குரலை வைப்பது என்ற பேச்சு வந்தபோது தலைமை நீதிபதி அனந்தசயனம் யோசிக்கவே இல்லை. “நம்ம அமலோற்பவம் குரலையே வைங்க. அதைக் கேட்டா கல்லும் பேசும்,” என்றார். அவளுக்குக் கூச்சமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. கண்ணாடி அறைக்குள் நாள் கணக்கில் உட்கார்ந்து, கொடுத்த வாக்கியங்களையெல்லாம் படித்தாள். திண்டுக்கல் பேச்சை மாற்ற வேண்டாம், ‘அண்ணே’ என்றே இருக்கட்டும் என்றார் இர்ஃபான். சிறைகளில் அந்த அறைக்கு ‘அக்கா ரூம்பு’ என்று பெயர் வந்தது. அதைக் கேள்விப்பட்ட அன்று அவள் ஆபீஸ் முழுக்க லட்டு வாங்கிக் கொடுத்தாள்.

* * *

பதிவு ஓடியது. கால் கட்டைவிரல் கறுத்துவிட்டதாகக் கொம்பையா சொன்னார். சிறை மருத்துவமனையில் எப்போது போனாலும் அதே களிம்பைத்தான் தடவி அனுப்புகிறார்கள். வெளியே கொண்டுபோகச் சொன்னால், கூட்டிப்போகப் போலீஸ் இல்லை என்கிறார்கள். செவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. களிம்பின் நிறத்தைக்கூடக் கேட்டது. அப்புறம் ஊரைக் கேட்டது. அவர் கரிமூட்டம் போட்டதைச் சொன்னார். வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, மண்ணைப் போட்டு மூடி, புகையின் நிறம் பார்த்து எப்போது பிரிப்பது என்று கண்டுபிடிப்பதை விளக்கினார். வரப்புச் சண்டையில் கைமீறிப்போன அந்த ஒரு அடியையும் சொன்னார். செவி இடையிடையே “ம்” என்றது. சரியான இடத்தில் சும்மா இருந்தது.

கடைசியில் சொன்னது: “அண்ணே, இதை நீதிபதிக்கு அனுப்பலாம். அனுப்பினா சூப்பிரண்டுகிட்ட விளக்கம் கேப்பாங்க. உங்க பேரு அதுல இருக்கும். அனுப்பறதும் அனுப்பாததும் உங்க விருப்பம். எது உங்களுக்கு நல்லதுன்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்?”

நாற்காலி கிரீச்சிடும் சத்தம் கேட்டது.

“வேண்டாம் தாயி. உங்ககிட்டச் சொன்னதே போதும். பாரம் எறங்குன மாதிரி இருக்கு.”

“சரிண்ணே. எப்ப வேணும்னாலும் வாங்க.”

அவர் போனார், திரும்பத் திரும்பப் போனார். பிந்தைய பதிவுகளில் காலைப் பற்றிய பேச்சு குறைந்துகொண்டே வந்தது. செவிதான் ஞாபகமாகக் கேட்டது: “கால் எப்படிண்ணே இருக்கு?” “அது கெடக்கு தாயி.” “மனுவாப் பதியட்டுமா?” “வேண்டாம் வேண்டாம்.” பிறகு மழையைப் பற்றி, மாரிக்கனி வீட்டு வெள்ளாடு குட்டி போட்டதைப் பற்றிப் பேசினார். கடைசிப் பதிவில் குரல் குழறியது. காய்ச்சல் என்று கேட்கிற எவருக்கும் தெரியும். “இன்னைக்கு ஒண்ணும் பேச முடியல தாயி. சும்மா ஒக்காந்துட்டுப் போறேன்,” என்றார். “உக்காருங்கண்ணே,” என்றது அவளுடைய குரல்.

அமலோற்பவம் பதிவை நிறுத்தினாள்.

மாரிக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“நாங்கூட மாசத்துக்கு ஒருக்காத்தான் பாக்கப் போவேம்மா. பஸ்சுக்குக் காசு வேணும்ல. அவன் தனியாக் கெடக்கானேன்னு வயிறு எரியும். இம்புட்டு நாளும் நீங்க பேசிக்கிட்டு இருந்திருக்கீக. கோடிப் புண்ணியம்மா உங்களுக்கு.”

அது நான் இல்லை என்று சொல்ல அமலோற்பவம் வாயைத் திறந்தாள். திறந்தால் வரப்போவது அதே குரல்தான் என்பது நினைவுக்கு வந்தது. மாரிக்கனியின் கையைப் பிடித்து, பஸ் நிறுத்தம் வரை ஒன்றும் பேசாமல் கூடப் போனாள்.

* * *

அடுத்த நாள் காலையிலேயே இர்ஃபானை வரச் சொன்னாள். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு, திருப்தியுடன் திரும்பப் பெற்றவர்களின் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். வார்டர் கன்னத்தில் அறைந்து காது கேளாமல் போனவன். ஜாமீன் கிடைத்தும் வெளியே விடப்படாதவன். கண்ணில் புரை விழுந்த கிழவர். எல்லோரும் வந்தார்கள், சொன்னார்கள், அழுதார்கள், “மனசு லேசாயிருச்சுக்கா” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். யாருடைய மனுவும் நீதிபதியிடம் போகவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலேயே கிடந்தது.

“மிரட்டுதா?” என்றாள் அமலோற்பவம்.

“இல்ல மேடம்.”

“தப்பாச் சட்டம் சொல்லுதா?”

“அதுவும் இல்ல. ஒரு வாக்கியத்தைக்கூடத் தப்புன்னு பிடிக்க முடியாது.” இர்ஃபான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான். “நாம அதுக்கு மார்க் போட்டுத்தான் பழக்கினோம் மேடம். அது அனுப்புன மனுவை நீதிபதி தள்ளுபடி பண்ணினா, தேவையில்லாம அனுப்பிருச்சுன்னு மார்க் குறையும். செவியே தள்ளுபடி பண்ணி, அந்த ஆள் மேல்முறையீடு போனா அப்பவும் குறையும். அவரே போதும்னு எந்திரிச்சுப் போயிட்டா?”

“முழு மார்க்.”

“முழு மார்க். எந்தப் பேச்சுக்கு ஆளுங்க எந்திரிச்சுப் போறாங்களோ அந்தப் பேச்சை அது பழகிக்கிச்சு. யாரும் சொல்லிக் கொடுக்கல. நான் இப்படி ஒண்ணு நடக்கும்னு நினைச்சுக்கூடப் பாக்கல மேடம். அன்பாப் பேசுனா சீக்கிரம் முடியுதுன்னு அதுவாக் கண்டுபிடிச்சிருக்கு.”

“மார்க் போட்டது நான்தான் இர்ஃபான்.”

மாதாமாதம் சில பதிவுகள் மாதிரிக்காக அவளிடம் வரும். கேட்டு மதிப்பெண் போட வேண்டும். ஒருமுறை ஒருவன் தேம்பித் தேம்பி அழுது, கடைசியில் சிரித்துக்கொண்டே விடைபெற்றதைக் கேட்டு இவளும் அழுதிருக்கிறாள். முழு மதிப்பெண் போட்டாள். அவன் என்ன புகாரோடு வந்தான் என்று இப்போது நினைத்துப் பார்த்தாள். எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. அவனுடைய சிரிப்பு மட்டும் காதில் இருந்தது.

நீதிபதி அனந்தசயனம் கெட்ட மனிதர் அல்ல. கொம்பையாவின் பதிவுகளை முழுவதும் கேட்டார்.

“வேண்டாம்னு அவரே சொல்லியிருக்கார் அமலோற்பவம். நிர்ப்பந்தம் இல்ல. பொய் இல்ல. சட்டத்துல எங்க இடிக்குது?”

“பொய் சொல்லியிருந்தா அவர் கண்டுபிடிச்சிருப்பார் சார். சிறையில இருக்கிறவங்களுக்குப் பொய் தெரியும். அன்புதான் அவங்களுக்குப் பழக்கமில்ல.”

“மனசு ஆறிப் போயிருக்காங்களே, அதுக்கு மதிப்பே இல்லைங்கறீங்களா?”

“புண்ணு ஆறியிருக்கணும் சார்.”

நீதிபதி அதற்குமேல் வாதாடவில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டார். அவள் தயாராக வந்திருந்தாள். தன் குரலை எடுத்துவிட வேண்டும். கேள்விகள் மட்டும் கேட்கிற, யாருடையதும் அல்லாத ஒரு குரல் போதும். ஊர், உறவு, மழை எதுவும் கேட்கக்கூடாது. திரும்பப் பெறும் வசதியே இருக்கக்கூடாது. யார் வந்து எதைச் சொன்னாலும் அது மனு. முன்பு திரும்பப் பெற்றவர்களையெல்லாம் மறுபடி கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

“மனு எண்ணிக்கை ஏறும்,” என்றார் நீதிபதி.

“ஏறட்டும் சார்.”

ஏறியது. நீதிபதிகள் திணறினார்கள், மனுக்கள் குவிந்தன. ஆனால் கண்ணில் புரை விழுந்த கிழவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஜாமீன் கிடைத்தவன் வெளியே வந்தான். கன்னத்தில் அறைந்த வார்டர் பணியிடை நீக்கம் ஆனார். கொம்பையாவின் சாவை விசாரிக்கத் தனி அதிகாரி நியமிக்கப்பட்டார். சிறைக் கைதிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தனிக் காவல்படை வேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. அமலோற்பவத்துக்குத் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. மாரிக்கனிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அடிக்கடி நினைத்தாள். சொன்னால் அவளிடம் மிச்சம் இருக்கிற அந்த ஒரு ஆறுதலும் போய்விடும் என்பதால் தள்ளிப்போட்டாள்.

அப்போதுதான் கொம்பையா இருந்த அதே சிறையிலிருந்து அந்த மனு வந்தது. வீரணன் என்ற ஆயுள் கைதி கொடுத்தது. அவருடைய பிளாக்கில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே சேர்ந்துகொண்டிருந்தார்கள். புதிய குரல் அதைத் தன் வறண்ட நடையில் சுருக்கி எழுதியிருந்தது. நடந்தது: பேச்சுத்துணையாக இருந்த ஒருவரை அகற்றியது. செய்தவர்: தீர்ப்பாயப் பதிவாளர். பாதிக்கப்பட்ட உரிமை: மனிதராக மதிக்கப்படுதல். முகாந்திரம்: உண்டு.

“எதிர்த்தரப்பு நீங்க,” என்றார் நீதிபதி. “ஆனா சிறைக்குப் போய் வாக்குமூலம் வாங்கற அதிகாரமும் உங்ககிட்டதான் இருக்கு. இப்படி ஒண்ணு வரும்னு விதி எழுதுனவங்க யோசிக்கல. வேற ஆளும் இல்ல. போயிட்டு வந்து குறிப்பு எழுதுங்க.”

* * *

சிறையின் தையல் கூடத்தில் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். தையல் இயந்திரங்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வெள்ளைச் சீருடைக் கைதிகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தில் எண்ணெய் வாசனையும் புதுத்துணி வாசனையும் கலந்திருந்தன. கைதிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். வந்த அதிகாரியைப் பார்த்து யாரும் பேச்சை நிறுத்தவில்லை.

“வணக்கம்ணே,” என்றாள் அமலோற்பவம். “நான் தீர்ப்பாயத்துலருந்து வர்றேன்.”

கூடம் அடங்கியது. பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்றான். பிறகு அவன் பக்கத்தில் இருந்தவன். பிறகு எல்லோருமே. வார்டர் பதறிப்போய் உட்காரச் சொல்லிக் கத்தினான். யாரும் உட்காரவில்லை. அவர்கள் அவளைப் பார்த்த பார்வையை, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைத் தேடும் விமான நிலையத்து வாசலில்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

“அக்கா, எம் மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சுக்கா,” என்றான் முன்னால் நின்ற ஒருவன். “நான் சொன்னேன்ல, அந்த வரன்தான்.”

அவளுக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. “சந்தோஷம்ணே,” என்றாள். அவன் இன்னும் எதையோ எதிர்பார்த்துக் காத்திருந்தான். மகளின் பெயரைச் சொல்வாள் என்று எதிர்பார்க்கிறான் என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. அவன் முகம் மெல்ல மாறுவதைப் பார்த்தாள்.

“எனக்கு உங்க யாரையும் தெரியாதுண்ணே,” என்றாள். “உங்ககிட்டப் பேசுனது நான் இல்ல. மிஷின். குரல் மட்டுந்தான் என்னுது. இதைச் சொல்லாம உங்ககிட்ட வாக்குமூலம் வாங்கறது தப்பு.”

வீரணன் எழுந்து வந்தார். தாடி வெளுத்த, நெஞ்சு அகன்ற மனிதர். எல்லோரையும் கையமர்த்தி உட்கார வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே தரையில் சம்மணமிட்டார்.

“மிசினுன்னு எங்களுக்கு மொத நாளே தெரியும் தாயி. செவுத்துலயே எழுதிப் போட்டிருந்துச்சு. படிக்கத் தெரிஞ்சவன் படிச்சுச் சொன்னான்.”

“தெரிஞ்சுமாண்ணே?”

“எம் பொண்டாட்டி வந்து வருசம் எத்தனையோ ஆச்சு. வார்டரு நம்பரச் சொல்லிக் கூப்பிடுவான். வக்கீலு தேதி மட்டும் சொல்லுவான். ‘நேத்துச் சரியாத் தூங்குனீங்களா’ன்னு கேட்டது அது ஒண்ணுதான். மிசினு கேட்டா என்ன, மனுசி கேட்டா என்ன? கேட்டுச்சுல்ல. இப்ப ஒண்ணு வச்சிருக்கீங்க பாருங்க. ‘நடந்தது என்ன, செய்தவர் யார்’ங்குது. ஸ்டேசன்ல கேக்குற மாதிரியே கேக்குது.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “கொம்பையா அண்ணனைத் தெரியுமா உங்களுக்கு?”

“எனக்கு அடுத்த படுக்க. அவன் காலு நாத்தத்துல மூக்கப் பொத்திக்கிட்டுப் படுத்தவன் நான்.”

“அந்தக் குரல் இல்லைன்னா அவர் மனுப் போட்டிருப்பார். காலை எடுத்தாவது பிழைச்சிருப்பார். அதனாலதான் எடுத்தேன்.”

“அதுவும் தெரியும்.” வீரணன் தரையைப் பார்த்தார். “நாங்க சொன்னோம் தாயி. போடு, போடுன்னு சண்டையே போட்டோம். நான் ஒருநா அடிக்கக்கூடக் கை ஓங்கிட்டேன். அவன் பயந்துக்கிட்டுப் போடாம இல்ல. சூப்பிரண்டுக்கெல்லாம் பயப்புடற ஆளா அவன்? ‘எழுதிக் குடுத்தா அந்தத் தாயிதான கோர்ட்ல போயி நிக்கணும். எனக்காக அதுக்கு எதுக்குச் சங்கடம்’னான்.”

அமலோற்பவம் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. பயம் என்று நினைத்திருந்தாள். பயத்துக்காவது ஒரு உத்தரவு போடலாம்.

“இது தெரிஞ்சும் திருப்பிக் கேக்குறீங்களே அண்ணே.”

“தெரிஞ்சுதான் கேக்குறோம். அவன் செத்தது தப்புதான். அதுக்கு நாங்க பேச்சில்லாமக் கெடக்கணுமா? ரெண்டும் வேணும்னு கேக்கக்கூடாதா?”

அவள் விளக்கத் தொடங்கினாள். தீர்ப்பாயம் புகார்களைக் கேட்கிற இடம், பேச்சுத்துணைக்கு அங்கே வழியில்லை. கேட்கிற இயந்திரம் பாசமாக இருந்தால் மனிதர்கள் தங்கள் உரிமையைத் தாங்களே விட்டுவிடுகிறார்கள். பாசத்தையும் புகாரையும் பிரிக்க இர்ஃபானுக்கு இன்னும் வழி தெரியவில்லை. வீரணன் சொல்வது நியாயம்தான், அந்த வலி தனக்குப் புரிகிறது, ஆனால் இப்போது இதை நீதிபதி முன் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று அவரே யோசித்துப் பார்க்கலாம். நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு வார்த்தையும் பொய் இல்லை. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீரணனின் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. தோள் இறங்கியது. கண்ணில் நீர் கட்டியது.

“சரி தாயி,” என்றார். “எத்தன நாளாச்சு இப்பிடிக் கேட்டு. நீங்க இவ்வளவு தூரம் வந்து சொன்னதே போதும். உங்களுக்கு எதுக்குச் சங்கடம்? மனுவ நாங்க வாபஸ்—”

“வேண்டாம்!”

அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டிருந்தாள். வார்டர் ஓடி வந்தான். அவனைக் கையால் தடுத்தாள்.

“வாங்காதீங்கண்ணே. நான் என்ன சொன்னாலும் வாங்காதீங்க.”

வீரணன் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார். அவள் மறுபடி உட்கார்ந்தாள். இனிமேல் பேசக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பேனாவை எடுத்தாள். வீரணனைப் பார்த்து, சொல்லுங்கள் என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தாள். அவர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். கோபமாகச் சொன்னதை அவள் கோபத்தோடு எழுதினாள். ‘பதிவாளரம்மா எங்களைக் கேக்காமலே எங்ககிட்ட இருந்து பிடுங்கிட்டாங்க’ என்றதை அப்படியே எழுதினாள். அவருக்குப் பிறகு மகளுக்குக் கல்யாணம் முடிந்தவன் வந்தான். பிறகு இன்னொருவன். யாருக்கும் அவள் ஆறுதல் சொல்லவில்லை. ‘ம்’ கொட்டவில்லை. மத்தியானம் வரை அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். போகும்போது சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவளுக்கு அது வலித்தது. ஆனாலும் நிமிரவில்லை.

நீதிபதி அனந்தசயனம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தார். மிகுந்த வருத்தத்தோடுதான். பேச்சுத்துணை ஒரு தேவையே தவிர இந்தத் தீர்ப்பாயம் வழங்கக்கூடிய உரிமை அல்ல என்று எழுதினார். அந்த உத்தரவின் நகலில் கையெழுத்திட்டுச் சிறைக்கு அனுப்பியவள் அமலோற்பவம்தான். இர்ஃபான் அதற்குள் வேலையை விட்டுவிட்டு, வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். கைதிகளைப் பார்க்க வாரம் ஒருமுறை ஆட்களை அனுப்பலாம் என்று அவள் அரசுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் தபாலில் மேல்முறையீடு வந்தது. அந்தச் சிறையிலிருந்து மேல்முறையீடு என்று ஒன்று வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. யாரோ ஒருவர் எழுதிக் கொடுக்க, வீரணன் கைநாட்டு வைத்திருந்தார். பதிவாளர் பாரபட்சமாக நடந்துகொண்டார், முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுதினார், மனிதத்தன்மை இல்லாமல் இருந்தார் என்று ஒவ்வொரு குற்றமாக வரிசையாக, தேதியோடு, இடத்தோடு, பெயரோடு இருந்தது. விடுபட்டது எதுவுமில்லை. அமலோற்பவம் அதை இரண்டு முறை படித்தாள். திருத்த எதுவும் இல்லாத மனு. எதிர்மனுதாரர் என்ற இடத்தில் தன் பெயருக்கு நேராக, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வைத்து அழுத்தினாள்.